ஆறு புள்ளிகளின் நாயகர் லூயி பிரெயில்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். கவிதை நிறைய வந்துவிட்டது, கட்டுரை இருந்தால் கொடு என்று சொல்லிவிட்டார். அதனால் நீங்கள் தப்பித்தீர்கள். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். பொது அறிவுத் தேர்வில் ஒரு மார்க்குக்கு வருகிற பெயர்தான் அவருடையது. அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது, ஃபிட்டிங் ஷாப்பில் அந்த ஒரு நாள் வரும் வரைக்கும்.

முதலாம் ஆண்டு. எம்.எஸ். தகட்டில் ஸ்க்ரைபரால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் டாட் பஞ்ச் வைத்து வரிசையாகப் புள்ளி அடித்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி சுவரில் ஆணியில் தொங்கியது. போட்டால் வேர்க்கிறது என்று நான்தான் கழற்றி மாட்டியிருந்தேன். அடித்து அடித்துக் காளான் மாதிரி விரிந்துபோன தலையுள்ள பஞ்ச் அது. எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சுத்தியல் பட்டதும் தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்து இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு விதமாகத்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாகலூர் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனேன. அத்தை மகனுக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. விடுதிப் பள்ளியில் பிரெயில் முறையில் படித்தவன். என் புருவத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தவன், என்ன கருவி மச்சான் என்று கேட்டான். பஞ்ச் என்றேன். பிரெயிலுக்கும் இப்படித்தான் ஆச்சு, ஆனா அவருக்கு அரை அங்குலம் தள்ளி விழல என்றான். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவன் சொன்ன கதையும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இது.

லூயி பிரெயில் 1809 ஜனவரி 4-ஆம் தேதி பிரான்சில் கூப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்தார். ஓசூரிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் அந்த ஊரிலிருந்து பாரீஸ். அப்பா சிமோன் ரெனே, குதிரைக்குச் சேணமும் கடிவாள வாரும் தைக்கிற தொழிலாளி. வீட்டோடு சேர்ந்த பட்டறை. மூன்று வயதுப் பையன் அப்பா செய்கிற மாதிரியே செய்து பார்க்கலாம் என்று தோலில் ஓட்டை போடும் கூர்மையான குத்தூசியை எடுத்தான். அது வழுக்கிக் கண்ணில் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் கிருமியைக் கொல்லும் மருந்து ஏது? புண் சீழ்ப்பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் முழு இருட்டு.

அந்த அப்பாவை நான் பாராட்டியே ஆகணும். பையன் இனி எதற்கும் உதவமாட்டான் என்று மூலையில் உட்கார வைக்கவில்லை. மரப்பலகையில் ஆணி அடித்து எழுத்து வடிவம் செய்து, தடவிப் படிக்க வைத்தார் என்று சொல்வார்கள். மற்றப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கும் அனுப்பினார். காதால் கேட்டே பையன் வகுப்பில் முன்னுக்கு வந்தான். 1819-இல், பத்து வயதில், பாரீசில் பார்வையற்ற இளைஞர்களுக்காக இருந்த அரசுக் கல்வி நிலையத்தில் இடம் கிடைத்தது.

அது வாலன்டின் ஹயூயி என்பவர் தொடங்கிய பள்ளி. பார்வையில்லாதவரும் படிக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். ஆனால் அவருடைய புத்தகம் எப்படி இருந்தது தெரியுமா? நாம் கண்ணால் படிக்கிற அதே ரோமன் எழுத்து, பெரிதாகப் புடைத்து நிற்கும். ஒவ்வொரு எழுத்தையும் சுற்றித் தடவி, இது என்ன அது என்ன என்று கண்டுபிடித்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் ஆரம்பம் மறந்து போகும். புத்தகமோ தூக்க முடியாத கனம். இதைவிடப் பெரிய குறை, அந்த முறையில் பையன்கள் தாங்களாக எழுத முடியாது. படிக்கலாம், பதில் எழுத முடியாது. வீட்டுக்கு ஒரு கடிதம் போட முடியாது.

அந்த நேரத்தில் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். எழுத்தே வேண்டாம், காகிதத்தில் ஊசியால் குத்திய புள்ளி போதும் என்பது அவர் யோசனை. ஒரு கட்டத்தில் பன்னிரண்டு புள்ளி வரை. குத்துவதற்கான சட்டமும் ஊசியும் கூட அவர் கொடுத்ததுதான். ஆனால் பன்னிரண்டு புள்ளி விரல் நுனிக்குள் அடங்காது, விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். தவிர, அது ஒலியை மட்டும் குறித்தது. எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, எண் எதற்கும் இடமில்லை.

லூயி அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பகலெல்லாம் பாடம், இரவில் இந்த வேலை. 1824-இல் முறை தயார். அப்போது அவருக்கு வயது பதினைந்து! நம்மில் பாதிப்பேர் அந்த வயதில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறுவோமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் செய்தது இதுதான். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். இந்த மலரில் புடைத்த புள்ளி அச்சடிக்க வசதி இல்லை, அதனால் எண் போட்டுச் சொல்கிறேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் அதேபோல 4, 5, 6. புள்ளிக்குப் புள்ளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விரலை வைத்தால் ஆறும் ஒரே தொடுதலில் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் உடனே சொல்வார்கள்: ஆறு பிட், 64 சேர்க்கை, வெற்றிடத்தைக் கழித்தால் 63. டிஜிட்டல் என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒரு பையன் கண்டது இது.

வரிசையிலும் ஒழுங்கு உண்டு. a முதல் j வரை பத்து எழுத்துக்கும் மேல் நான்கு புள்ளி மட்டும். அடுத்த பத்து எழுத்துக்கு அதே வடிவங்களோடு 3-ஆம் புள்ளியைச் சேர்த்தார். a என்றால் 1, அதனால் k என்றால் 1, 3. அதற்கடுத்த வரிசைக்கு 6-ஆம் புள்ளியும் சேரும். இந்த ஒழுங்கில் w மட்டும் அடங்காமல் 2, 4, 5, 6 என்று தனியாக நிற்கும். காரணம், அவர் காலத்துப் பிரெஞ்சு எழுத்து வரிசையில் w கிடையாது. பின்னால் சேர்த்தது. ஒரு மொழிக்காக வெட்டிய சட்டையை இன்னொரு மொழி போட்டுக்கொள்ளும்போது வைக்கிற முதல் ஒட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1829-இல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். பார்பியேவுக்கு அதில் நன்றியும் சொல்லியிருக்கிறார். 1837-இல் திருத்திய பதிப்பு. இடையில் அதே பள்ளியில் ஆசிரியர் ஆகிவிட்டார். தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பார். இசைக்கும் இதே ஆறு புள்ளியில் குறியீடு செய்தார். 1, 4, 5 என்ற வடிவம் புத்தகத்தில் d, இசைத் தாளில் 'டோ' என்ற சுரம். படிப்பவருக்கு இது எந்தத் தாள் என்று தெரிந்தால் போதும்.

இவ்வளவு நல்ல முறையை உடனே ஏற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் நடக்கவில்லை. கண்ணுள்ள ஆசிரியர்களுக்கு இந்தப் புள்ளிகள் பிடிக்கவில்லை. தங்களுக்குப் படிக்கத் தெரியாத ஒன்றைப் பையன்கள் படிக்கிறார்களே என்ற எரிச்சலும் இருந்திருக்கும் (இது என் ஊகம்). 1840-இல் இயக்குநராக வந்த டுஃபோ, பிரெயில் முறையைத் தள்ளிவிட்டுப் புடைப்பு எழுத்துக்கே திரும்பினார். இருந்த புத்தகங்களை எரித்தார்கள் என்றும் பிரெயிலின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாணவர்கள் விடவில்லை. ஊசி கிடைக்காவிட்டால் கிடைத்ததை வைத்துக் குத்தி, ஒளித்து ஒளித்து எழுதினார்கள். அங்கே துணை நிர்வாகியாக இருந்த குவாடே என்பவர் இதைக் கவனித்து, பையன்கள் பக்கம் பேசினார். 1844-இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் பிரெயில் முறையை எழுதிப் படித்துக் காட்டினார்கள். பள்ளிக்குள் தடை நீங்கியது.

அதற்குள் அவர் உடம்பு ஓய்ந்துவிட்டது. இளவயதிலேயே காசநோய். 1852 ஜனவரி 6-ஆம் தேதி, 43-ஆம் பிறந்த நாள் முடிந்து இரண்டாம் நாள், இறந்துபோனார். பிரான்ஸ் இதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல். இரண்டே வருடம் தாமதம்! நூறு வருடம் கழித்து 1952-இல் அவர் உடலை எடுத்துப் போய் பாரீசின் பாந்தியானில், நாட்டின் பெரியோர்கள் நடுவே வைத்தார்கள். கைகளை மட்டும் கூப்வ்ரே கிராமம் விட்டுக்கொடுக்கவில்லை. அவை அந்த ஊர்க் கல்லறையிலேயே இருக்கின்றன. இதைச் சொல்லும்போது அத்தை மகன் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

வாழ்க்கை இத்துடன் முடிந்தது. ஆனால் புள்ளிகளின் கதை அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கிறது.

1878-இல் பாரீசில் கூடிய மாநாடு பிரெயிலையே பொது முறையாக ஏற்றது. இருந்தும் அமெரிக்காவில் வேறு வேறு புள்ளி முறைகள் போட்டி போட்டன. ஒரே ஆங்கிலத்தைப் படிக்க ஹெலன் கெல்லர் பல முறைகளைக் கற்க வேண்டியிருந்தது. 1932-இல்தான் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரு பொது முறைக்கு ஒத்துக்கொண்டன.

நம் நாட்டில் இதைவிடக் குழப்பம். 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப், 1890-இல் நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்று பள்ளிகள் தொடங்கின. அந்தந்த இடத்தில் அந்தந்த மொழிக்கு ஆளாளுக்கு ஒரு முறை செய்துகொண்டார்கள். ஒரு மாகாணத்துப் புத்தகம் அடுத்த மாகாணத்தில் உதவாது. 1949-இல் இந்திய அரசு இதை யுனெஸ்கோவிடம் கொண்டுபோயிற்று. அங்கே இந்த வேலையைப் பார்த்தவர் சர் க்ளூதா மெக்கன்சி. நியூசிலாந்துக்காரர், முதல் உலகப் போரில் கலிப்போலியில் கண்ணை இழந்தவர். பல கூட்டங்களுக்குப் பிறகு 1951-இல் பாரதி பிரெயில் பிறந்தது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் வந்தது.

பாரதி பிரெயிலின் அடிப்படை ரொம்ப எளிது. இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளி. கண்ணால் பார்த்தால் தமிழ் 'க' வேறு, கன்னட 'க' வேறு, இந்தி 'க' வேறு. விரலுக்கு எல்லாமே 1, 3. அது வேறொன்றும் இல்லை, லூயி வைத்த அதே k! ரஷ்ய மொழியிலும் கிரேக்கத்திலும் அரபியிலும் கூட 1, 3 என்றால் 'க்' ஒலிதான். அரபியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள், ஆனால் அரபி பிரெயில் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். ஜப்பானில் மட்டும் கதை வேறு. 1890-இல் அவர்கள் தங்கள் மொழிக்கென்று தனியாக வகுத்துக்கொண்டார்கள். அங்கே 1, 3 என்றால் 'ந'.

ஒலி ஒத்துப்போகாத இடங்கள்தான் சுவாரசியம். 1, 3, 4, 6 லூயிக்கு x. நமக்கு x எதற்கு? அது குறில் 'ஒ' ஆகிவிட்டது. 1, 2, 3, 5, 6 பிரெஞ்சில் மேலே கோடு போட்ட ஒரு 'a', ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற முழுச் சொல்லுக்குச் சுருக்கம், தமிழில் நம் சிறப்பு 'ழ'. அதேபோல ஆங்கிலத்தில் 'இங்' என்ற முடிவுக்கு வைத்த 3, 4, 6 நமக்கு 'ங'. ஆங்கில 'ow' சுருக்கம் 2, 4, 6 நமக்கு 'ஔ'. இவை இரண்டும் சத்தத்தைக் கேட்டே எடுத்த மாதிரி இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ண'. அதன் புள்ளி 3, 4, 5, 6. இனி வருவது எண் என்று சொல்லும் குறியும் அதேதான். குழம்பாதா என்று கேட்டேன். தமிழில் எந்தச் சொல்லாவது 'ண'வில் ஆரம்பிக்குதா மச்சான் என்று திருப்பிக் கேட்டான். எண் குறி எண்ணுக்கு முன்னால் வரும், 'ண' ஒருபோதும் சொல்லுக்கு முதலில் வராது. தமிழாசிரியர் சொன்ன மொழிமுதல் எழுத்து விதி இப்படி ஒரு வேலைக்கு ஆகும் என்று யார் கண்டது!

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1999-இல் யூனிகோடில் பிரெயிலைச் சேர்த்தபோது எட்டுப் புள்ளி முறையையும் கணக்கில் வைத்து 256 வடிவங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மற்ற எழுத்துகளுக்கு 'தமிழ் எழுத்து க' என்கிற மாதிரி பெயர் இருக்கும். பிரெயிலுக்கு மட்டும் 'புள்ளி 1, 3' என்பதுதான் பெயர். எந்த மொழியில் என்ன எழுத்து என்பதை யூனிகோடு சொல்லாது. சொல்லவும் முடியாதே.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். நம் எல்லையோர வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, சிப்காட் கேட்டில் இந்தி. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் போர்டு எல்லாம் கன்னடம். நான் கன்னடம் நன்றாகப் பேசுவேன், ஆனால் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் போர்டைக் காட்டிப் பக்கத்து ஆளைக் கேட்பேன்.

அத்தை வீட்டுக்கு ஒருநாள் பெங்களூருவிலிருந்து ஒரு பிரெயில் புத்தகம் வந்தது. தெரிந்தவர் ஒருவர் பழைய புத்தகம் என்று கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் கன்னடப் பாடப் புத்தகம். அவன் ஒருநாளும் கன்னடம் படித்ததில்லை, தெருவில் பேசுவதோடு சரி. விரலை வைத்தான். ஊரு, காலு, மனெ என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டான்! ப, த, க மூன்றிலும் நமக்கு இல்லாத அழுத்தமான ஒலிகளை, அவன் படித்த ஆங்கில b, d, g காப்பாற்றின. நாம் இரண்டு 'ந', 'ன' வைத்திருக்கிற இடத்தில் அவர்களுக்கு ஒன்றுதான், அதுவும் பழகிவிட்டது. தடுமாறியது ஒரே இடத்தில். நமக்கு 5, 6 என்றால் 'ன'. கன்னடத்தில் அது மூக்கொலிக்கு வைக்கிற சுழி. அதனால் பெங்களூரை அவன் பென்களூரு என்று வாசித்தான். எல்லோரும் சிரித்தோம், அவனும்தான். அடுத்த பக்கத்திலிருந்து சரியாக வாசித்தான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாசித்த கன்னடத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் போன் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறதே, இந்தப் புள்ளி எதற்கு என்று எங்கள் பெரியப்பா கேட்பார். பலரும் கேட்கிறார்கள். அத்தை மகனுக்கு இதில் கோபமே வரும். காதால் மட்டும் படித்தவனுக்கு மலை, மழை எப்படித் தெரியும் என்பான். நம்ம பக்கத்துப் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதானே. விரலுக்கு அப்படி இல்லை. 'ல' இடப்பக்க மூன்று புள்ளி, 'ள' வலப்பக்க மூன்று புள்ளி, 'ழ' ஐந்து புள்ளி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான் அவன். புத்தகம் பிரெயிலில் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்த பாடங்களை மற்றவர் வாசிக்கக் கேட்டு, தானே குத்தி வைத்துக்கொள்கிறான். சட்டத்தில் வைத்துப் பின்பக்கமாகக் குத்த வேண்டும், வலமிருந்து இடமாக. எழுத்தையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி நினைக்கணும். நான் அரை மணி நேரம் முயன்று என் பெயரைக் குத்தினேன். திருப்பிப் பார்த்தால் அது யார் பெயராகவும் இல்லை.

இதற்கு இயந்திரமும் உண்டு. பெர்கின்ஸ் பிரெயிலர் என்று பெயர். அமெரிக்காவில் பெர்கின்ஸ் பள்ளியின் கைத்தொழில் ஆசிரியர் டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து, 1951-இல் வெளிவந்தது. பாரதி பிரெயில் பிறந்த அதே ஆண்டு! ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. முழுக்க முழுக்க நெம்புகோலும் ஸ்பிரிங்கும்தான், கரண்ட் வேண்டாம். நம் மாநிலத்திலேயே காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் இதைத் தயாரித்திருக்கிறது. மெக்கானிக்கல் மாணவன் ஒருமுறையாவது மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டிய இயந்திரம். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

லூயியின் 200-ஆம் பிறந்த ஆண்டான 2009-இல் நம் அரசு அவர் முகம் போட்ட இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது. சில்லறையில் வந்தால் திருப்பிப் பாருங்கள்.

இந்த மலருக்காக அத்தை மகனிடம் ஒரு தாளில் நம் ஊர்ப் பெயரை இரண்டு மொழியிலும் குத்தித் தரச் சொன்னேன். மேல் வரி தமிழ் ஓசூர்: ஓ, ச, ஊ, அப்புறம் மெய்ப்புள்ளி, ர. பிரெயிலில் மெய்ப்புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். கீழ் வரி கன்னட ஹொஸூரு: ஹ, ஒ, ஸ, ஊ, ர, உ. இரண்டு வரியிலும் 'ஊ'வும் 'ர'வும் அச்சாக ஒன்றே. அந்தத் தாளை ஆசிரியர் குழுவிடம் காட்டலாம் என்று பத்திரமாக டிராயிங் போர்டுக்கு அடியில் வைத்தேன். புத்திசாலித்தனம்! ஒரு வாரத்தில் புள்ளியெல்லாம் தட்டையாகிவிட்டது. விரலை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் லீவுக்குப் போகும்போது மறுபடி குத்தித் தரச் சொல்லணும். கெட்டி அட்டை வாங்கிக்கொண்டு வா என்று போனில் சொல்லிவிட்டான்.